நகரத்தைத் திருத்தியவர்களும் தீவுகளை ஆண்டவர்களும்

1899 பிப்ரவரியில் நியூயார்க்கின் 'மக்ளூர்ஸ்' மாத இதழ் ரட்யார்ட் கிப்ளிங்கின் 'வெள்ளை மனிதனின் சுமை' கவிதையை அச்சிட்டது. ஸ்பெயினிடமிருந்து கிடைத்த பிலிப்பைன்ஸை ஏற்று ஆளுமாறு அமெரிக்கர்களுக்கு விடுத்த அழைப்பு அது. நான்கு ஆண்டு கழித்து, 1903 ஜனவரியில், அதே இதழில் ஐடா டார்பெல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் தில்லுமுல்லுகளையும் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் மினியாபொலிஸ் நகராட்சியின் லஞ்ச ஊழலையும் அம்பலமாக்கினார்கள். புலனாய்வு இதழியலின் தொடக்கமாக அந்த இதழை இன்றும் குறிப்பிடுகிறார்கள். பேரரசுக்குப் பாட்டு, ஏகபோகத்துக்கு அடி. இரண்டையும் ஏறத்தாழ ஒரே வாசகர் கூட்டம்தான் காசு கொடுத்து வாங்கிப் படித்தது.

1890களின் பிற்பகுதி முதல் 1917 வரையிலான ஆண்டுகளை அமெரிக்க வரலாற்றில் முற்போக்குக் காலம் என்பார்கள். இதை இடதுசாரி அரசியலோடு சேர்த்துப் பார்க்கத் தேவையில்லை. பெரும்பாலும் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தார் முன்னெடுத்த சீர்திருத்தங்கள் அவை: உணவுக் கலப்படத் தடை, குழந்தை உழைப்புக்குக் கட்டுப்பாடு, பெருநிறுவனங்களுக்குக் கடிவாளம், நகராட்சிகளில் கட்சி முதலாளிகளின் பிடியை உடைத்தல், பெண்களுக்கு வாக்குரிமை, காடுகளைக் காத்தல். அதே ஆண்டுகளில்தான் ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகியவை அமெரிக்காவின் கைக்கு வந்தன. கியூபா 1901 முதல், அமெரிக்கத் தலையீட்டுக்கு இடம் தந்த பிளாட் திருத்தத்தின் கட்டுக்குள் இருந்தது. நிகராகுவா, ஹெய்ட்டி, டொமினிகன் குடியரசு ஆகிய நாடுகளில் அமெரிக்கப் படைகள் இறங்கின. தலைமுறையும் ஒன்று, பல வேளைகளில் ஆட்களும் அவர்களே. சீர்திருத்தத்துக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் இடையே இருந்தது வெறும் உடனிகழ்வா, உறவா? உறவு என்றால் எத்தகையது? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்கு விடைகள் குவிந்திருக்கின்றன. அவை ஒன்றோடொன்று அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை என்பதே அவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்கான முதல் காரணம்.

தடம் புரண்டது என்றவர்கள்

பழைய விடை எளிமையானது. ராஜதந்திர வரலாற்றாசிரியர் சாமுவேல் ஃபிளாக் பெமிஸ் 1936-இல் எழுதிய பாடநூலில் ஸ்பெயினோடு போரிட்டுத் தீவுகளைப் பிடித்த 1898-ஐ அமெரிக்க வரலாற்றின் பெரும் பிறழ்வு என்று வகைப்படுத்தினார். குடியரசு ஒருமுறை தடம் புரண்டது, பிறகு மெல்லத் தன் பாதைக்குத் திரும்பியது என்பது சாரம். இப்படிப் பார்த்தால் சீர்திருத்தத்தோடு தொடர்பு தேட வேண்டியதே இல்லை. பிறழ்வுக்கு வேர் எதற்கு?

இந்த விடையின் குறை வெளிப்படையானது. 1887-இன் டாஸ் சட்டம் பழங்குடியினரின் பொது நிலத்தைத் துண்டாடியது. 1890-இல் வூண்டட் நீ படுகொலை நடந்தது. பிலிப்பைன்ஸுக்கு அனுப்பப்பட்ட தளபதிகளில் பலர் மேற்கே பழங்குடிகளோடு போரிட்டுப் பழகியவர்கள். கண்டத்துக்குள் நடந்ததைக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் மட்டுமே கடல்கடந்த பேரரசு திடீரென்று வந்ததாகத் தோன்றும். ஆயினும் 1899 பிப்ரவரி 6 அன்று, ஸ்பெயினோடு செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தம் செனட்டில் 57-க்கு 27 என்ற கணக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்கு மிகுதியாகத்தான் நிறைவேறியது. அந்த முடிவு தவிர்க்க முடியாதது என்று அடித்துச் சொல்வதும் கடினம்.

லுக்டன்பெர்க் எழுப்பிய புயல்

1952-இல் வரலாற்றாசிரியர் வில்லியம் லுக்டன்பெர்க் ஒரு கட்டுரையில் கேள்வியைத் தலைகீழாக்கினார். முற்போக்காளர்களில் பெரும்பாலானோர் ஏகாதிபத்தியத்தை ஆதரித்தார்கள், அல்லது அதை எதிர்க்க உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்றார். அதோடு நிற்கவில்லை. இரண்டும் ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகள் என்பது அவர் வாதம்: வழிமுறையைவிட விளைவைக் கொண்டு செயலை மதிப்பது, துணிந்து செயல்படும் வலிய அரசின் மீது மோகம், அமெரிக்க ஜனநாயகத்துக்கு உலகில் ஒரு திருப்பணி உண்டு என்ற நம்பிக்கை.

அவர் காட்டிய ஆட்களில் இண்டியானா செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. 1898-இல் கொடி முன்னேறட்டும் என்று முழங்கி, 1900 ஜனவரியில் செனட்டில் பிலிப்பைன்ஸை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வாதாடியவர் அவர். 1906-இல் இறைச்சி ஆய்வுச் சட்டத்தைக் கொண்டுவர முன்நின்றவரும், குழந்தை உழைப்புக்கு எதிரான மசோதாவை முன்வைத்தவரும் அவரே. 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி சிகாகோவில் கூடியபோது தொடக்க உரையும் அவருடையதுதான். அந்தக் கட்சியின் அறிக்கை பெண்களுக்கு வாக்கும் சமூகக் காப்பீடும் கேட்டது. கூடவே ஆண்டுக்கு இரண்டு போர்க்கப்பல்களும் கேட்டது. சிகாகோவின் ஹல் ஹவுஸில் ஏழைகளோடு வாழ்ந்த ஜேன் ஆடம்ஸ், 1899-இலேயே பிலிப்பைன்ஸ் போரைக் கண்டித்துப் பேசியவர். அவரும் அந்த மாநாட்டில் ரூஸ்வெல்ட்டை வழிமொழிந்தார். போர்க்கப்பல்களை விழுங்குவது தமக்கு எளிதாக இல்லை என்பதைப் பின்னர் எழுதவும் செய்தார். தென்மாநிலக் கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு மாநாடு இடம் மறுத்ததையும் அவர் விழுங்க வேண்டியிருந்தது.

கட்சியின் கருத்தாளர் ஹெர்பர்ட் குரோலி 1909-இல் எழுதிய நூலில், ஸ்பெயின் போர் தேசிய அளவிலான சீர்திருத்தத்துக்கே உந்துதல் தந்தது என்று வெளிப்படையாக வாதிட்டிருந்தார். லுக்டன்பெர்க்குக்கு இதைவிட நல்ல சாட்சி தேவைப்படவில்லை.

ஆனால் ரூஸ்வெல்ட்டையும் அவர் வட்டத்தையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? எதிர்த்து எழுதியவர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.

வாக்குகளை எண்ணியவர்கள்

1968-இல் பார்டன் பெர்ன்ஸ்டைனும் ஃபிராங்க்ளின் லைபும் குடியரசுக் கட்சியின் முற்போக்கு செனட்டர்கள் உண்மையில் எப்படி வாக்களித்தார்கள் என்று பார்த்தார்கள். கிடைத்த சித்திரம் ஒருபடித்தானதாக இல்லை. தொடக்கத்தில் இணங்கியவர்களில் பலர் பத்தாண்டுக்குள் விலகத் தொடங்கினர். குடியரசுத் தலைவர் டாஃப்ட் காலத்து 'டாலர் ராஜதந்திரம்' பெருவங்கிகளின் வேலை என்று தோன்றியதும் எதிர்ப்பு வலுத்தது. விஸ்கான்சினின் ராபர்ட் லா ஃபாலெட் இந்த மாற்றத்தின் முகம். 1900-இல் குடியரசுத் தலைவர் மக்கின்லியின் கட்சியில் ஆளுநர் தேர்தலில் நின்றவர், 1917 ஏப்ரலில் உலகப் போரில் இறங்குவதற்கு எதிராக வாக்களித்த ஆறு செனட்டர்களில் ஒருவராக இருந்தார். நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நாரிஸ் இன்னொருவர். ராபர்ட் டேவிட் ஜான்சன் 1995-இல் வெளியிட்ட நூல் இந்தக் குழுவினரைத் தனி மரபாகவே எடுத்து, 1920களில் ஹெய்ட்டி, நிகராகுவா ஆக்கிரமிப்புகளை அவர்கள் விடாமல் குடைந்ததைக் காட்டியது.

எண்ணிக்கை முறைக்கு ஒரு வரம்பு உண்டு. யாரை முற்போக்காளர் என்று பட்டியலில் சேர்ப்பது என்பதிலேயே விடை பாதி முடிவாகிவிடுகிறது. 1970-இல் பீட்டர் ஃபைலீன், முற்போக்கு இயக்கம் என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது என்று அதற்கு இரங்கற்கட்டுரை எழுதும் அளவுக்குப் போனார். பிரையனை எங்கே வைப்பது? வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 1899-இல் பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்கும்படி தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். 1900-இல் ஏகாதிபத்திய எதிர்ப்பை முழக்கமாக்கித் தேர்தலில் தோற்றார். குடியரசுத் தலைவர் வில்சனின் வெளியுறவுச் செயலராகி, 30 லட்சம் டாலருக்கு நிகராகுவாவின் கால்வாய் உரிமையைப் பெறும் ஒப்பந்தத்தில் 1914-இல் கையெழுத்திட்டார். 1917-இன் அந்த ஆறு பேரில் மிசிசிப்பியின் ஜேம்ஸ் வர்டமனும் உண்டு: சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்டவர், வெள்ளை ஆதிக்க வெறியை மேடைதோறும் கக்கியவர். எண்ணிப் பார்ப்பவர்கள் இவர்களைப் போன்றவர்களிடம் வந்ததும் தடுமாறுகிறார்கள்.

சந்தை, மனம், ஆண்மை

1959-இல் வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸும், 1963-இல் வால்டர் லாஃபேபரும் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பினர். 1893-இன் பெருமந்தம், உற்பத்தி மிகையாகிவிட்டது என்ற அச்சத்தைப் பரப்பியது. வெளிச்சந்தை கிடைக்காவிட்டால் உள்நாட்டில் கலகம் வரும் என்று வணிகர்களும் அரசியலாளர்களும் நம்பினர். இந்த நோக்கில் சீர்திருத்தமும் விரிவாக்கமும் ஒரே நெருக்கடிக்கு இரண்டு மருந்துகள். கேப்ரியல் கோல்கோ 1963-இல் உள்நாட்டுச் சீர்திருத்தங்களே பெருநிறுவனங்களின் நலனுக்கேற்ப வடிவமைந்தவை என்று வாதிட்டது இதற்குத் துணையாயிற்று. சான்றுக்கும் பஞ்சமில்லை. சார்லஸ் கோனண்ட் என்ற நிதி எழுத்தாளர் மிகைமூலதனத்துக்கு வெளிநாடுகளே வடிகால் என்று 1898-இல் எழுதினார். மூன்றாண்டில் பிலிப்பைன்ஸின் நாணயத்தைச் சீரமைக்கும் வேலை அவருக்கே வந்தது. அப்படிப் பிறந்த பெசோவை அங்குள்ளவர்கள் அவர் பெயராலேயே அழைத்தார்கள்.

ஆனால் ஜூலியஸ் பிராட் 1936-இலேயே காட்டியபடி, போருக்கு முந்தைய மாதங்களில் வணிகப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை போரை விரும்பவில்லை. கனவு காணப்பட்ட சீனச் சந்தை அமெரிக்க ஏற்றுமதியில் மிகச் சிறு பங்குக்கு மேல் உயரவும் இல்லை. எதிர்பார்ப்புதான் செயலைத் தூண்டும், விளைவு அல்ல என்று வில்லியம்ஸ் மரபினர் பதில் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கலாம். எனினும் எதிர்பார்ப்பை மட்டும் வைத்து எதையும் விளக்கிவிட முடியும் என்ற நிலையில் அந்த விளக்கத்தின் வலிமை குறையவே செய்கிறது.

ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1952-இல் உளவியல் பக்கம் போய், ஒரே பதற்றம் ஒருபுறம் அறச்சீற்றமாகவும் மறுபுறம் போர்வெறியாகவும் வழிந்தது என்றார். கிறிஸ்டின் ஹோகன்சன் 1998-இல் அந்தப் பதற்றம் ஆண்மையைப் பற்றியது என்று கூர்மைப்படுத்தினார். பெண் வாக்குரிமைக்காரர்கள் இதில் எங்கே நின்றார்கள் என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த கதை. 1899-இல் அவர்களது தேசியச் சங்கம் ஹவாயின் ஆட்சிமுறையில் 'ஆண்' என்ற சொல் நுழைவதை எதிர்த்தது. ஹவாய் இணைக்கப்பட்டதை அல்ல.

மணிலா என்ற சோதனைச்சாலை

கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் யார் எந்தப் பக்கம் என்ற கணக்கை விட்டுவிட்டு, கருவிகளைப் பின்தொடர்ந்தன. சட்டம், கணக்கெடுப்பு, கழிப்பறை, காவல் கோப்பு, நாணயம், நகர வரைபடம்: இவை வாஷிங்டனுக்கும் மணிலாவுக்கும் இடையே போய்வந்த விதம்தான் அந்த ஆய்வுகளின் பொருள். என் மதிப்பில் இந்த விவாதம் செழித்தது இங்கேதான்.

1900-இல், பின்னாளில் குடியரசுத் தலைவரான வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் தலைமையில் மணிலா சென்ற ஆணையம் தன் முதல் சில சட்டங்களுக்குள்ளேயே தேர்வு வழி அரசுப்பணியை நிறுவியது. உள்நாட்டில் கட்சி முதலாளிகளோடு பல்லாண்டு மல்லுக்கட்டியும் அரைகுறையாகக் கிடைத்த சீர்திருத்தம் அது. 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' கப்பலில் 500-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வந்திறங்கினர். டேனியல் பர்னம் 1905-இல் மணிலாவுக்கும் பாகியோவுக்கும் திட்டம் வரைந்தார். அவரது புகழ்பெற்ற சிகாகோ திட்டம் வந்தது 1909-இல். குடியேற்ற நாட்டில் நகராட்சி உறுப்பினர்களையோ நிலச் சொந்தக்காரர்களையோ இணங்க வைக்க வேண்டியதில்லை. திட்டம் போட்டவரிடமே ஆணையும் இருந்தது. சீர்திருத்தக்காரர்கள் பலர் தங்கள் ஊரில் ஏங்கிய ஏற்பாடு அது என்பதை மறுப்பது கடினம்.

ஆல்ஃபிரட் மக்காய் 2009-இல் காவல்துறையை எடுத்துக்கொண்டார். 1901-இல் அமைந்த பிலிப்பைன்ஸ் காவற்படை, உள்நாட்டுத் தலைவர்களைப் பற்றித் தகவல் அட்டைகளைக் குவித்தது. அங்கே உளவுப்பணி கற்ற ரால்ஃப் வான் டெமன் 1917-இல் அமெரிக்காவின் ராணுவ உளவுப் பிரிவை உருவாக்கினார். அது சொந்த நாட்டு மக்களையே கண்காணித்தது. வாரிக் ஆண்டர்சன் 2006-இல் சுகாதாரத்தை எடுத்தார். 1905 முதல் 1915 வரை பிலிப்பைன்ஸின் சுகாதார இயக்குநராக இருந்த விக்டர் ஹைசர் தொழுநோயாளிகளைக் கூலியன் தீவுக்கு ஒதுக்கியவர். பிறகு அவர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கீழ்த்திசை இயக்குநரானார். அதே அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி 1910களின் நடுவில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து தமிழ்த் தொழிலாளர்களின் லயங்களை எட்டியது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1909-இல் தொடங்கிய முறைதான் அது. காதரின் மேயோவின் பாதையும் ஏறத்தாழ இப்படித்தான்: 1917-இல் பென்சில்வேனிய மாநிலக் காவல்துறையைப் போற்றி ஒரு நூல், 1925-இல் பிலிப்பைன்ஸின் விடுதலைக்கு எதிராக ஒரு நூல், 1927-இல் நம் ஊரிலும் பெரும் கூச்சலைக் கிளப்பிய 'மதர் இந்தியா'.

இந்தக் கதைகளில் மிகத் தெளிவாக நிறுவக்கூடியது அபினி பற்றியது. ஸ்பானிய ஆட்சி அபினி விற்பனையை ஏலம் விட்டு வருவாய் பார்த்தது. 1903-இல் டாஃப்டின் அரசு அதே போன்றதோர் ஏகபோக ஏலத்தைத் திட்டமிட்டது. கிடைக்கும் பணம் பள்ளிகளுக்கு. செய்தி கசிந்ததும் வாஷிங்டனில் வில்பர் கிராஃப்ட்ஸ் என்ற பாதிரியாரின் சீர்திருத்த அமைப்பு மனுக்களைத் திரட்டியது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ரூஸ்வெல்ட் திட்டத்தை நிறுத்தினார். பேராயர் சார்லஸ் பிரென்ட் இடம்பெற்ற விசாரணைக் குழு ஜப்பான், தைவான், பர்மா, ஜாவா என்று சுற்றி வந்தது. 1908-இல் தீவுகளில் முழுத்தடை வந்தது. பிரென்ட் தலைமையில் 1909-இல் ஷாங்காய் மாநாடு, 1912-இல் ஹேக் ஒப்பந்தம், 1914-இல் அமெரிக்காவிலேயே ஹாரிசன் சட்டம். குடியேற்ற நாட்டில் தொடங்கிய ஒரு தடை பத்தாண்டில் தாய்நாட்டின் சட்டமாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, பேரரசின் நிர்வாகம் அபினி விற்கத் தயாராக இருந்தது என்பது. சீர்திருத்த நெருக்கடிதான் அதைத் தடுத்தது. ஆகவே சீர்திருத்தம் பேரரசின் வேடம் மட்டுமே என்ற வாதம் இங்கே நிற்காது. ஆனால் அந்தச் சீர்திருத்தத்துக்கு மேடை அமைத்ததும் அதே பேரரசுதான்.

சோதனைச்சாலை வாதத்தின் பலவீனம் அதன் கவர்ச்சியிலேயே இருக்கிறது. மணிலாவில் இருந்தவர் பின்னர் அமெரிக்காவில் ஒன்று செய்தார் என்றால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று எழுதிவிடும் ஆசை வருகிறது. டேனியல் ராட்ஜர்ஸ் 1998-இல் விரிவாகக் காட்டியதுபோல, முற்போக்காளர்கள் பெர்லினிலும் லண்டனிலும் கிளாஸ்கோவிலும் கற்றுவந்தவை ஏராளம். அபினியில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தெரிகிறது. காவல்துறையில் சில கண்ணிகள் ஊகம். நகரமைப்பில் பர்னமின் கருத்துகள் மணிலாவுக்குப் போகுமுன்பே பெரிதும் உருவாகியிருந்தன.

யாருக்குத் தகுதி

இன்னொரு அணுகுமுறை, தன்னைத் தானே ஆளும் தகுதி என்ற கருத்தைப் பற்றிக்கொள்கிறது. பால் கிராமர் 2006-இல் எழுதிய நூலில், இனம் பற்றிய கருத்துகள் அமெரிக்காவிலிருந்து அப்படியே ஏற்றுமதியாகவில்லை, போருக்கும் ஆட்சிக்கும் நடுவே தீவுகளில் புதிதாக உருவாயின என்றார். அந்த நுட்பம் சரி. ஆனாலும் இரு கரைகளிலும் ஓடிய ஒற்றுமை கண்ணை உறுத்துகிறது.

மிசிசிப்பி 1890, லூசியானா 1898, வட கரோலினா 1900, அலபாமா 1901: இந்த ஆண்டுகளில் தென்மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனை, தலைவரி போன்றவற்றால் கறுப்பினத்தாரின் வாக்கைப் பறித்தன. தேர்தல் ஊழலை ஒழிக்கும் சீர்திருத்தம் என்றே அதற்குப் பெயர் சூட்டினார்கள். 1907-இல் பிலிப்பைன்ஸின் முதல் சட்டமன்றத் தேர்தலில் ஸ்பானியமோ ஆங்கிலமோ அறிந்தவர்கள், குறிப்பிட்ட சொத்துடையவர்கள், முன்பு பதவி வகித்தவர்கள் ஆகிய ஆண்களே வாக்களிக்க முடிந்தது. மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. உச்ச நீதிமன்றத்தில் 1896-இல் பிளெஸ்ஸி வழக்கின் 'தனி, ஆனால் சமம்' தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹென்றி பிரவுன்தான், 1901-இல் டவுன்ஸ் வழக்கின் முதன்மைத் தீர்ப்பையும் எழுதினார். அரசமைப்பு முழுவதும் போர்ட்டோ ரிக்கோவைத் தொடர்ந்து செல்லாது என்ற அந்த முடிவு 5-க்கு 4 என்ற கணக்கில் வந்தது. இரண்டு வழக்கிலும் மாறுபட்டு எழுதியவர் ஜான் மார்ஷல் ஹார்லன்.

எதிரணியும் இதில் தூய்மையானதாக இல்லை. 1898-இல் பாஸ்டனில் தோன்றிய ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தில் மார்க் ட்வைன், ஆண்ட்ரூ கார்னகி, தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் என்று பலதரப்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். காம்பர்ஸின் கவலை பெரும்பாலும் ஆசியத் தொழிலாளர் வந்துவிடுவார்களே என்பது. தென் கரோலினாவின் பென் டில்மன் செனட்டில் இணைப்பை எதிர்த்தது, நாட்டில் நிறத்தவர் இன்னும் கூடிவிடுவார்கள் என்பதால். மறுபக்கம், அச்சங்கத்தின் தலைவராக 1905 முதல் இருந்த மூர்ஃபீல்ட் ஸ்டோரிதான் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் முதல் தலைவரும் ஆனார். ஆளப்படுவோரின் ஒப்புதல் இல்லாமல் ஆட்சி கூடாது என்பதை இரு கரைக்கும் ஒன்றுபோல் பொருத்திப் பார்த்தவர்கள் அவரைப் போன்ற சிலரே.

முற்போக்காளர்களிடையே வல்லுநரை நம்பியவர்கள் ஒரு சாரார், வாக்காளரை நம்பியவர்கள் ஒரு சாரார் என்று பிரித்து, முதல் சாராரோடு பேரரசை இணைக்கலாமா? நான் சாய்வது அந்தப் பக்கம்தான். அதற்கு வலுவான ஆதரவு எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. 1913-இல் ஆளுநராகிப் பிலிப்பைன்ஸ் நிர்வாகத்தில் அமெரிக்கர்களை வெகுவாகக் குறைத்து உள்நாட்டவரை அமர்த்தியவர் பிரான்சிஸ் பர்டன் ஹாரிசன். அவர் நியூயார்க்கின் டாமனி ஹால் கட்சி இயந்திரத்தின் ஆதரவோடு காங்கிரஸுக்குப் போனவர். போதைப்பொருள் சட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. வல்லுநர்கள் அவரை வெறுத்தார்கள். ஆனால் வாக்காளரை நம்பிய அணியில் பிரையன் இருக்கிறார், டில்மனும் இருக்கிறார். கோடு நேராக விழ மறுக்கிறது.

ஆளப்பட்டவர்களின் கணக்கு

மேலே சொன்ன விடைகளில் பெரும்பாலானவை ஆண்டவர்களின் மனதைப் படிப்பவை. பிலிப்பைன்ஸின் வரலாற்றாசிரியர்களுக்குக் கேள்வியே வேறு. 1899 ஜனவரியில் மலோலோஸில் ஏற்கப்பட்ட அரசமைப்பு ஒரு பேரவையை நிறுவியது, கட்டாய இலவசக் கல்வியை அறிவித்தது. அதே குடியரசோடுதான் 1899 பிப்ரவரி 4-இல் போர் மூண்டது. அதில் 4,200-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும் சுமார் 20,000 பிலிப்பினோப் போராளிகளும் இறந்தனர். பஞ்சத்திலும் நோயிலும் வன்முறையிலும் மாண்ட குடிமக்கள் எத்தனை பேர் என்பதில் உடன்பாடில்லை. இரண்டு லட்சம் என்ற மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. சுயாட்சி கற்றுக்கொடுக்க வந்ததாகச் சொன்னவர்கள், ஏற்கெனவே எழுந்துநின்ற ஒரு சுயாட்சியை முதலில் இடித்தார்கள் என்பது தியோடோரோ அகோன்சில்லோ முதலானோரின் அடிப்படை வாதம். ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ அமெரிக்கப் பள்ளிக்கூடத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்: ஆங்கிலவழிக் கல்வி மக்களைத் தங்கள் போராட்ட நினைவிலிருந்தே பிரித்தது என்றார்.

ரெனால்டோ இலெட்டோ காலரா பற்றி எழுதியது இன்னும் நுட்பமானது. 1902-04 கொள்ளைநோயில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீடுகளை எரிப்பதும், மக்களை அடைத்துவைப்பதும், ஊருக்குள் ஆயுதமேந்தியோர் வருவதும் அப்போதுதான் அடக்கப்பட்டுக்கொண்டிருந்த கிளர்ச்சியிலும் நடந்தவை. சுகாதார அதிகாரியையும் படைத்தளபதியையும் ஊர்க்காரர் வேறுபடுத்திப் பார்க்கக் காரணம் இருக்கவில்லை. சீர்திருத்தமா, ஏகாதிபத்தியமா என்ற பிரிவினை அங்கே அனுபவத்தில் இல்லை.

இந்த மரபும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. கான்ஸ்டன்டினோவின் சித்திரத்தில் உள்நாட்டு மேட்டுக்குடியின் பங்கு சில வேளைகளில் மங்கிவிடுகிறது. மதச்சபைகளின் நிலத்தை அமெரிக்க அரசு சுமார் 70 லட்சம் டாலருக்கு வாங்கியது, குத்தகையாளர்களுக்குப் பிரித்துத் தரத்தான். அதில் பெரும்பங்கு வசதி படைத்தவர்களிடம் சேர்ந்தது. நிறுவனங்கள் 1,024 ஹெக்டேருக்கு மேல் பொதுநிலம் வைத்திருக்கக் கூடாது என்று 1902 சட்டம் வரம்பு கட்டியிருந்தும், மிண்டோரோவின் சான் ஹோசே பண்ணை முழுவதும் அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகள் கைக்குப் போய், அதன்மேல் அமெரிக்கக் காங்கிரஸில் விசாரணை நடந்தது. பாட்ரிசியோ அபினாலஸ் போன்றோர் இந்த இடத்தில் ஒரு முரணைச் சுட்டுகிறார்கள்: உள்நாட்டில் கட்சி முதலாளிகளை ஒழிக்கப் புறப்பட்டவர்களின் ஆட்சியில்தான் பிலிப்பைன்ஸில் புதிய கட்சி முதலாளிகள் தழைத்தார்கள்.

ஹெய்ட்டிக்கு இங்கே இடம் குறைவு. வில்சன் 1915-இல் படை அனுப்பினார். சாலை போடக் கட்டாய வேலை மீண்டும் வந்தது. அந்நியர் நிலம் வாங்கத் தடை 1918 அரசமைப்பில் நீங்கியது. மேரி ரெண்டா 2001-இல் இதைத் தந்தைமைப் பாவனையின் வன்முறை என்று படித்தார்.

தீராத பகுதிகள்

உறவே இல்லை என்ற நிலைப்பாட்டை இன்று எடுக்க ஆளில்லை. இரண்டும் ஒன்றே என்பதையும் அபினியும் லா ஃபாலெட்டும் அனுமதிக்க மாட்டார்கள். நடுவே மிஞ்சுவனவற்றில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது ஒப்பீடு. தைவானில் ஜப்பானின் கோத்தோ ஷின்பெய் கணக்கெடுப்பு, சுகாதாரம், காவல் ஆகியவற்றை அடுக்கியதும், 1912 முதல் மொராக்கோவில் பிரான்சின் லியோத்தே நகரங்களை வரைந்ததும் மணிலாவில் நடந்ததை வெகுவாக ஒத்திருக்கின்றன. அந்த நாடுகளில் அமெரிக்க வகை முற்போக்கு இயக்கம் இல்லை. அப்படியானால் நாம் முற்போக்கின் விளைவு என்று அழைப்பது, அக்காலத்து எந்தப் பேரரசும் செய்திருக்கக்கூடிய ஒன்றுக்கு அமெரிக்கா வைத்த உள்ளூர்ப் பெயராகவும் இருக்கலாம். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகள் இன்னும் போதிய அளவில் வரவில்லை.

இரண்டாவது விலகல். பேரரசை உருவாக்கியதில் சீர்திருத்தத்தின் பங்கைத் தேடியவர்கள், அதைக் கலைத்ததில் அதன் பங்கைத் தேடியது குறைவு. 1916-இன் ஜோன்ஸ் சட்டம் நிலையான அரசு அமைந்ததும் விடுதலை என்று வாக்களித்தது. 1934-இன் டைடிங்ஸ்–மக்டஃபி சட்டம் பத்தாண்டுக் கெடு விதித்தது. பின்னதை ஆதரித்தவர்களில் பழைய ஏகாதிபத்திய எதிர்ப்பாளர்கள் உண்டு. வரியின்றி வரும் பிலிப்பைன்ஸ் சர்க்கரைக்கு அஞ்சிய பீட்ரூட் விவசாயிகள் உண்டு. கலிபோர்னியாவிலிருந்து பிலிப்பினோக்களை வெளியேற்ற விரும்பிய தொழிற்சங்கத்தினரும் உண்டு. அந்தச் சட்டமே குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேர் என்று சுருக்கியது. இந்த மூன்று நோக்கங்களில் எது எவ்வளவு எடை கொண்டது என்பதை வாக்குப் பதிவுகளை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. மாவட்ட அளவில் விவசாயச் சங்கங்களின் கடிதங்களையும் மணிலா தூதுக்குழுக்களின் ஆவணங்களையும் சேர்த்துப் படிக்கும் வேலை பாக்கியிருக்கிறது.